சுவரில் மாட்டிய கடல்

என் நாத்தனார் சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்தும் அதை நான் என் கணவரிடம் சொல்லவில்லை. மறைத்துவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு கடல் பார்க்கப் போனேன்.

இதுதான் விஷயம். இதற்கு மேல் நான் எழுதப்போவதெல்லாம் விளக்கம். விளக்கம் கேட்டால் குற்றம் சிறியதாகிவிடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு அப்படி ஆகவில்லை...

நான் அதிகம் பேசாதவள். தாராவியில் எங்கள் சந்தில் யாரையும் கேட்டுப் பாருங்கள். "மாவுக்கடைக்காரர் பொஞ்சாதியா? அது வாயில்லாப் பூச்சி" என்பார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில், ஓரத்து இலையில்தான் உட்காருவேன்.

பேசாதவர்களைப் பற்றி உலகத்துக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அவர்கள் பொய் சொல்ல மாட்டார்களாம்! என்ன முட்டாள்தனம்! பேசாதவள் ஒரு பொய் சொன்னால் அதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. இதை நான் கண்டுபிடித்தது ஐம்பதை நெருங்கும் வயதில்.

என் நாத்தனார் பெயர் பேச்சியம்மாள். மதினி என்றுதான் கூப்பிடுவேன். அம்பர்நாத்தில் இருந்தாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அவள் கணவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், கனகா. தாய் தகப்பன் இல்லாத தன் தம்பியைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்குக் கூட்டிவந்து ஆளாக்கியது மதினிதான். கல்யாணமாகி வரும்போது சீதனப் பாத்திரங்களோடு தம்பியையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தாள் என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தத் தம்பிதான் என் கணவர்.

என்னைப் பெண் பார்க்க வந்தவளும் அவள்தான். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "இந்தப் பிள்ள போதும். இது வாயத் தொறக்காது. எந்தம்பிய எங்கிட்ட இருந்து பிரிக்காது."

பிரிக்காது! மதினி, நீ ஆள் பார்த்த லட்சணம் அவ்வளவுதான்...

அவள் கெட்டவள் அல்ல. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் எனக்குப் பரிந்து பேச ஆரம்பித்துவிடுவீர்கள். என் பிரசவத்தில் என் துணியை அலசியது அவள் கை. நான் கூச்சப்பட்டபோது, "யாரப் பாத்துட்டி வெக்கப்படுத? நானும் பெத்தவதான்" என்று அதட்டியவள்.

ஆனால் அவளுக்குத் தம்பி வேண்டும். எப்போதும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் சயானில் ரயில் ஏறி அம்பர்நாத். மழையென்றாலும் அம்பர்நாத். பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் அம்பர்நாத். கல்யாணமான புதிதில் மகாபலேஷ்வர் போக என் கணவர் ஏற்பாடு செய்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் செய்தி வந்தது, அக்காவுக்கு மேலுக்கு முடியவில்லை என்று. ஓடினோம். அவள் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா தம்பி? நீ வருவேன்னு மனசுக்குள்ள இருந்துச்சு" என்றாள். பிறகு ஒருமுறை கோவா. அப்போதும் அவளுக்கு மயக்கம். பிறகு என் தங்கை வளைகாப்பு. அப்போதும்...

நான் எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாததால் எனக்குள் எதுவும் இல்லை என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. குடும்பச் செய்தி எதுவும் ஆண்களிடம் நேராகப் போகாது. சாவோ, சடங்கோ, சண்டையோ, முதலில் வீட்டுப் பெண்ணிடம்தான் சொல்வார்கள். அவள் நேரம் பார்த்து, சோறு போட்டு, பிறகு புருஷனிடம் சொல்ல வேண்டும். அவன் சொல்லும் பதிலையும் அவள்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அக்கா தம்பிக்கு நடுவிலும் அப்படித்தான். இத்தனை வருஷமும் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வந்த சொல்லெல்லாம் என் வழியாகத்தான் போனது. "அத்தைகிட்ட சொன்னா போதும்" என்பாள் கனகா. என்னை ஒரு கதவு மாதிரி வைத்திருந்தார்கள். அந்தக் கதவு ஒருநாள் சாத்திக்கொள்ளும் என்று யாருக்குத் தோன்றும்?

என் மகன் செல்வம் ஸ்பெயின் தேசத்தில், வலென்சியா என்ற ஊரில், ஓர் ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறான். அங்கிருந்து போனில் கடலைக் காட்டுவான். நீலம்... அப்படி ஒரு நீலத்தை நான் சேலைக்கடையில்தான் பார்த்திருக்கிறேன். பம்பாயில் கடல் இல்லையா என்று கேட்காதீர்கள். எங்களுக்கு வாய்த்தது மாகிம் பக்கத்துக் கழிமுகத்தின் கறுப்புத் தண்ணீரும் அதன் நாற்றமும்தான். செல்வம் காட்டிய கடலின் கரையில் வயதான பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு பெண், பகல் வெளிச்சத்தில், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாள்!

"வாங்கம்மா. நீயும் அப்பாவும். ஒரு தடவ வந்து பாருங்க" என்றான். விசாவுக்கு எத்தனை முறை அலைந்தோம், எத்தனை முறை திருப்பி அனுப்பினார்கள்... அதெல்லாம் இருக்கட்டும். கடைசியில் கிடைத்தது. கடையை உத்தரப் பிரதேசத்துக்காரர் ஒருவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மாட்டுங்காவில் மாவு வாங்கும் வீட்டுக்காரர்களெல்லாம் என் கணவர் போனில்தான் ஆர்டர் சொல்வார்கள், பணம் போடுவார்கள். அதனால் என் கணவர் தன் போனைக் கடையிலேயே விட்டுவிட்டார்.

"உன் போன் இருக்குல்லா, அது போதும். நமக்கு எவன் பேசப் போறான்?" என்றார்.

ஆக, எங்கள் இருவருக்கும் ஒரே போன். அது என் கையில்.

கிளம்ப வேண்டிய நாள். பெட்டிகள் வாசலில் நின்றன. வழித்துணைக்குத் தேங்காய் உடைக்க அவர் கோயிலுக்குப் போயிருந்தார். அப்போது கனகா கூப்பிட்டாள்.

"அத்தை, மாமா எங்க? அம்மாவ ஐசியூல சேத்திருக்கு. சொந்தக்காரங்க இருந்தா வரச்சொல்லுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு அத்தை... அம்மா தம்பி எங்க, தம்பி எங்கன்னே கேக்கா."

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 'இதுவும் பழைய நாடகம் என்று நினைத்தேன்' என்று நான் சொல்லலாம். காலமெல்லாம் எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொள்ளவும் தயாராக இருந்தேன். ஆனால் அது உண்மை இல்லை. கனகா அழவில்லை. அழாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த முறை மதினி பூண்டு உரிக்கவில்லை.

"கோயிலுக்குப் போயிருக்காவ. வந்ததும் சொல்லுதேன்" என்றேன்.

அவர் வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் தேங்காய் மூடி. சின்னப்பிள்ளைபோல் முகமெல்லாம் சிரிப்பு.

"தேங்கா பூப்போல ஒடஞ்சிருக்கு பாரு. யாரும் போன் பண்ணினாவளா?"

"இல்ல."

ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டு அந்தத் தேங்காய் மூடியை வாங்கிப் பையில் வைத்தேன்.

விமான நிலையத்தில் பெட்டியெல்லாம் போட்ட பிறகு கனகா மறுபடி கூப்பிட்டாள். நான் பெண்கள் கழிப்பறைக்குள் போய் எடுத்தேன்.

"மாமாகிட்ட சொன்னீங்களா அத்தை? எப்ப வாராரு?"

அப்போதும் ஒரு வழி இருந்தது. வெளியே வந்து, அவர் கையைப் பிடித்து, "அக்காவுக்கு முடியலையாம்" என்று சொல்லியிருந்தால் போதும். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

"சொன்னேன் கனகா. இவ்வளவு பாடுபட்டு எடுத்த விசா, இப்ப விட்டா இனி கெடைக்காதாம்... போயிட்டு வந்து அக்காவப் பாக்கேன்னு சொல்லிட்டாவ."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ மராட்டியில் அதட்டுவது கேட்டது.

"மாமாவா அப்படிச் சொன்னாரு?"

"ஆமா."

"சரி அத்தை."

சரி அத்தை... அவ்வளவுதான். அவள் சந்தேகப்படவில்லை. நான் யார்? வாயில்லாப் பூச்சி. பூச்சி கதை கட்டுமா?

கனகா செல்வத்திடமாவது பேசியிருக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். முன்பு இருவருக்கும் கல்யாணப் பேச்சு எழுந்து, செல்வம் மாட்டேன் என்றுவிட்டான். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ரோஷக்காரப் பெண். அதுவும் எனக்குச் சாதகமாகப் போயிற்று. எல்லாம் எனக்குச் சாதகமாகத்தான் போயிற்று!

வலென்சியா... அந்த ஊரை நான் எப்படிச் சொல்ல? அங்கே வெயில் அடிக்கிறது, ஆனால் எரிக்கவில்லை. வியர்க்காத வெயிலை அதுவரை நான் கண்டதில்லை. தெருவெல்லாம் ஆரஞ்சு மரங்கள். பழம் தொங்குகிறது, யாரும் பறிப்பதில்லை. நடுவூரில் ஓர் ஆறு இருந்ததாம். அதை வேறு பக்கம் திருப்பிவிட்டு, ஆற்றுப்படுகையில் பூங்கா போட்டிருக்கிறார்கள். பழைய பாலங்கள் அப்படியே நிற்கின்றன, அடியில் தண்ணீர் இல்லை, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். என் கணவர் பாலத்தின் மேல் நின்று, "ஆத்தையே தூக்கி அங்கிட்டு வச்சுட்டானே, பெரிய ஆளுதாம்ல" என்று வாய் பிளந்தார். அவரை அந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. மாவு ஆட்டும் இயந்திரத்தின் சத்தத்தில் ஓயாமல் கத்திக் கத்திப் பேசிப் பழகியவர், அங்கே மெதுவாகப் பேசினார். என்னிடம் பேசினார்.

என் மனசாட்சி உறுத்தியதா என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். நான் சந்தோஷமாக இருந்தேன்! என் வாழ்க்கையிலேயே அந்த மூன்று நான்கு நாட்கள்தான் நான் முழுச் சந்தோஷமாக இருந்த நாட்கள். காலையில் எழுந்ததும் போனைப் பார்ப்பேன். கனகாவிடமிருந்து ஒன்றும் இல்லை என்றால் அப்படி ஒரு நிம்மதி... 'இன்னும் இருக்கிறாள், நாம் திரும்பும்வரை இருப்பாள்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பல் துலக்கப் போவேன். அவள் பிழைக்க வேண்டும் என்று நான் வேண்டினேன். அவளுக்காகவா? இல்லை. அவள் பிழைத்தால் என் பொய் பாவமாகாமல் போகும், அதற்காக.

ஒருநாள் சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். டிராமில் போனோம். அகலமான மணல். நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தேன். என் கணவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்திருக்க வேண்டும். "ஏயப்பா!" என்று துள்ளினார். செல்வம் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மடியில் போன் அதிர்ந்தது. கனகா அனுப்பியிருந்தாள்.

'அம்மா போயிட்டா. மாமாகிட்ட சொல்லிருங்க.'

படித்தேன். கனகாவுக்குத் தமிழ் எழுத வராது, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தாள். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். அதனால் மதினி என் கண் முன்னால் ஒவ்வோர் எழுத்தாகச் செத்தாள்.

"அம்மா, அப்பா பக்கத்துல போய் நில்லு. போட்டோ எடுக்கேன்" என்றான் செல்வம். "அரே, என்ன மூஞ்சி அது? டென்ஷன் மத் லே, கவலப்படாத. சிரி!"

போய் நின்றேன். என் கணவர் ஈரக் கையை என் தோளில் போட்டார். இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நான் சிரித்தேன். நன்றாகச் சிரித்தேன். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள், 'ஒனக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா?' என்று.

ஆனால் இதுவரை சொன்னதெல்லாம் சின்னக் குற்றம். பெரியது இனிமேல்தான் இருக்கிறது.

செல்வத்தின் வீட்டுக்குத் திரும்பியதும் கனகா கூப்பிட்டாள். அப்பனும் மகனும் டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பால்கனிக்குப் போனேன்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டும். எத்தனை பட்டுச் சேலை கட்டி ஆண்டவளாக இருந்தாலும், கடைசியில் பிறந்த வீட்டுச் சேலைக்காகப் பிணம் காத்துக் கிடக்கும். அண்ணன் தம்பி தூரத்தில் இருந்தால், அவன் வாயால் ஓர் ஆளைச் சொல்ல வேண்டும், 'என் சார்பில் இன்னார் போடட்டும்' என்று. அந்த வார்த்தை வந்தால் போதும். பங்காளி ஒருவர் போட்டுவிடுவார். அந்த வார்த்தை இல்லாமல் யாரும் போட மாட்டார்கள்.

கனகா கேட்டது அந்த வார்த்தையைத்தான்.

"ஊர்ல இருந்து வந்தவங்க கோடி எங்க கோடி எங்கன்னு கேக்காங்க அத்தை. மாமா சார்பா யார் போடணும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அவரு பேசக்கூட வேண்டாம். ஒரு பேரு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

ஒரு பெயர்! எத்தனை பெயர்கள் எனக்குத் தெரியும்! ஏதாவது ஒரு பெயரை நான் அவர் பெயரில் சொல்லியிருக்கலாம். அத்தனை பொய் சொன்னவளுக்கு அந்த ஒரு நல்ல பொய் வரவில்லை. பெயர் சொன்னால் அந்த ஆள் நாளைக்கு என் கணவரிடம், 'நீ சொன்னபடி போட்டேன்' என்பானே! மாட்டிக்கொள்வேனே! அந்தக் கணத்தில் அதைத்தான் கணக்குப் போட்டது என் மூளை. பத்தாம் வகுப்போடு நின்ற மூளை...

"ஒன்னையே ஒண்ணு எடுத்துப் போட்டுறச் சொன்னாவ" என்றேன்.

மகளே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும்! தாய்மாமன் சொன்ன பதில்!

கனகா போனை வைத்துவிட்டாள். உள்ளே யாரோ கோல் போட்டிருக்க வேண்டும். என் கணவருக்குக் கால்பந்து தெரியாது, ஆனாலும் செல்வத்தோடு சேர்ந்து கை தட்டினார்.

மறுநாள் நான் தெருவில் உதிர்ந்து கிடந்த ஆரஞ்சுகளைப் பொறுக்கினேன். "அம்மா, அத யாரும் திங்க மாட்டாங்க. செம கசப்பு. சும்மா அழகுக்கு வச்சிருக்கான்" என்றான் செல்வம். ஒரு சுளை வாயில் போட்டேன். எங்கள் ஊர்க் கிடாரங்காயின் கசப்பு. மதினிக்கு உயிர். பழைய சோறும் கிடாரங்காய் ஊறுகாயும் இருந்தால் அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். நான் உப்பும் மிளகாய்ப் பொடியும் போட்டு ஊறுகாய் போட்டேன். ஏன் போட்டேன்? தெரியவில்லை. செத்தவளுக்கு நான் வேறென்ன செய்ய முடியும்? அழ முடியாது. தலை முழுக முடியாது. தீட்டுக் காக்க வேண்டிய நாளில் அவருக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தவள் நான்.

அவர் ஒரு துண்டை நக்கிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "ஏளா, அக்காவுக்கு ஒரு பாட்டில் தனியா எடுத்து வை" என்றார்.

எடுத்து வைத்தேன்.

பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் பம்பாய் திரும்பினோம். ஊரிலிருந்து வந்த அழைப்புகள் எதையும் நான் எடுக்கவில்லை. கடையைப் பார்த்துக்கொண்டவருக்கு எங்கள் குடும்பத்துச் சாவு தெரியாது. என் கணவர் மறுநாளே அம்பர்நாத்துக்குப் புறப்பட்டார். அக்காவுக்கு ஒரு சால்வை வாங்கியிருந்தார். சால்வையும் ஊறுகாய் பாட்டிலும் ஒரு பையில். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் சயானிலிருந்து அம்பர்நாத்வரை ரயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"மொதல்ல ஏசுவா. இத்தன நாளா ஒரு போன் இல்ல, ஒண்ணுமில்லேன்னு கெட்ட வார்த்தையிலயே ஏசுவா. அப்புறம் சால்வயப் போத்திக்கிட்டு ஊர் பூரா காட்டுவா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நான் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயில் புறப்பட்டுவிட்டது.

கனகா வேலைக்குப் போயிருந்தாள். கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மா வெளியே வந்தாள். கனகாவுக்கு அவள் மாவ்ஷி, சித்தி மாதிரி. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப் ஆயே பாவ்?" என்றாள். இப்போதுதான் வந்தீர்களா, அண்ணே?

அவர் புரியாமல் சிரித்தார்.

அவள் சொன்னாள். இந்தியும் மராட்டியும் கலந்து எல்லாவற்றையும் சொன்னாள். உங்கள் அக்கா போய்விட்டாள். அண்ணன் தம்பி கொண்டுவரும் சேலை வேண்டும் என்று அந்தப் பெண் அழுதாள். ஒருவரும் கொண்டுவரவில்லை. நான் என் புதுச் சேலையை எடுத்துப் போர்த்தினேன். ஏன் பாவ், உங்கள் ஆட்களில் இப்படித்தான் செய்வீர்களா?

என் கணவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. சால்வையை எடுத்தார், மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு என் போனை வாங்கி, கனகாவைக் கூப்பிட்டார். அவள் அழைத்ததையும் அனுப்பியதையும் நான் முன்பே அழித்துவிட்டிருந்தேன். என் பெயரைப் பார்த்து எடுத்தவள், அவர் குரலைக் கேட்டதும் கத்தியது எனக்கே கேட்டது.

"அக்கா செத்ததுக்கு வராதவருக்கு இப்ப என்ன வேணும்?"

கட்.

"வராதவனா?" என்றார் என்னைப் பார்த்து. "சொல்லாம மறைச்சுட்டு, வராதவன்னு சொல்லுதா? ஒனக்குப் போன் ஏதும் வந்துச்சா?"

"இல்ல."

"நெஞ்சுல கை வச்சுச் சொல்லு."

"இல்லைங்கேன்."

நம்பினார். சால்வையையும் பாட்டிலையும் அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

அதன் பிறகு அவர் அந்த வீட்டுப் பேச்சை எடுப்பதில்லை. சொந்தக்காரர்கள் யாராவது எடுத்தாலும் எழுந்து போய்விடுவார். அக்கா மகள் தன்னிடம் வஞ்சம் தீர்த்துக்கொண்டதாக அவர் நினைக்கிறார், செல்வம் அவளைக் கட்டாததற்கு. மாமன் விசாவுக்காக அம்மாவைக் கைவிட்டான் என்று அவள் நினைக்கிறாள். இருவரும் நியாயவாதிகள். நடுவில் நான். "நீ கொஞ்சம் பேசிப் பாரேன்" என்று அவர் ஒருமுறை கேட்டார். "பேசினேன். கேக்க மாட்டேங்கா" என்றேன். பேசவே இல்லை...

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நாங்கள் எங்கும் போவதில்லை. நான் ஆசைப்பட்டது அதுதானே! அவர் முன்னறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுவரில் செல்வம் பெரிதாக்கி அனுப்பிய கடற்கரைப் படம். அதற்குப் பக்கத்தில் மதினியின் படத்தை அவர் மாட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் கடலைக் காட்டி, "நல்ல காலத்துல எடுத்தது. அப்போ அக்கா இருந்தா" என்பார்.

நான் காபி கொண்டுவந்து வைப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் அப்படி உட்கார்ந்திருந்தபோது என் போன் அடித்தது. கனகா. இந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவை. எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன்.

"அத்தை, எனக்குக் கல்யாணம். தை மாசம், நெருள்ல, கோயில்ல வச்சு. நீங்க வரணும். நீங்க மட்டும்."

அவளே தொடர்ந்து பேசினாள்.

"உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல அத்தை. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். அவரு சொன்னத சொன்னீங்க. அந்த ஊறுகாய மாவ்ஷி குடுத்தாங்க. எங்கம்மாவ நெனச்சு அவ்வளவு தூரத்துல ஊறுகா போட்டுக் கொண்டுவந்தது நீங்க ஒருத்தர்தான். அம்மா படத்துக்கு முன்னாடி வச்சேன்... தாய்மாமன் எடத்துல மாவ்ஷியோட வீட்டுக்காரரு நிப்பாரு. மால அவருதான் போடுவாரு. மாமா வேண்டாம். ஆனா நீங்க வாங்க. எனக்கு வேற யாரு இருக்கா?"

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? சொல்லுங்கள்! இன்னும் தை பிறக்கவில்லை. இன்னும் நாள் இருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் அவர் போய் அந்தப் பெண்ணுக்கு மாலை போடுவார். சொன்ன பிறகு எனக்கு அந்த வீட்டிலும் இடமில்லை, இந்த வீட்டிலும் இடமில்லை. சொல்லாவிட்டால், இரண்டு வீட்டிலும் நான் நல்லவள்.

"வாரேன்" என்றேன் கனகாவிடம்.

முன்னறையிலிருந்து அவர் குரல் கொடுத்தார். "யாருளா போன்ல?"

நான் முன்னறை வாசலுக்கு வந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவரில் கடலும் மதினியும். கடலில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"ராங் நம்பர்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நம்பினார். நான்தான் பேசாதவள் ஆயிற்றே!